பந்து வீச்சே தொழிலாக



கிரிக்கெட் பந்தாட்டத்தைப் பார்க்கப் போகிறவர்களின் கண், பெரும்பாலும் மட்டை பிடித்தவரையே நாடுகிறது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் கை தட்டுகிறோம். அடுத்தபடியாக, இடி முழக்கம் போல் ஓடி வந்து ஸ்டம்பைப் பறக்க விடும் வேகப் பந்து வீச்சாளரைக் கண்டு வியக்கிறோம். ஆனால் காலை முதல் மாலை வரை ஒரே முனையிலிருந்து, ஒரே இடத்தில் விழுமாறு, சலிப்பின்றிப் பந்தை வீசிக்கொண்டிருக்கும் ஒருவரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவரே மிதவேகப் பந்து வீச்சாளர். கொல்லனுக்கும் தச்சனுக்கும் உரிய பொறுமையும் கைத்திறனும் அவருக்கு வேண்டும். அத்தகைய ஒருவர் பந்து வீச்சையே தொழிலாகக் கொண்டு எவ்வாறு உயர்ந்தார், அத்தொழில் அவருக்கு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்பதை இங்கே காண்போம். அவர் பெயர் அலெக் பெட்சர். இங்கிலாந்துக்காக 51 டெஸ்ட் பந்தயங்களில் ஆடி, 236 விக்கெட்டுகளை வீழ்த்தியவர்.

1918ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இங்கிலாந்தில் ரெடிங் என்னும் ஊரில் பெட்சர் பிறந்தார். அவருடன் இரட்டையராகப் பிறந்தவர் எரிக். இருவரும் சர்ரே மாவட்டத்து வோக்கிங் நகரில் வளர்ந்தனர். உருவத்தில் இருவருக்கும் வேற்றுமை காண்பது அரிது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தனர். அங்கேயே இருந்திருந்தால், காகிதக் கட்டுகளுக்கு இடையே அவர்கள் வாழ்நாள் கழிந்திருக்கும். ஆனால் சர்ரே அணியின் பயிற்சியாளர் ஆலன் பீச் அவர்களுடைய ஆட்டத்தைக் கண்டார். 1938ஆம் ஆண்டு இருவரும் சர்ரே அணியில் சம்பளத்துக்கு ஆடும் தொழிலாளர்களாகச் சேர்ந்தனர்.

இருவரும் மிதவேகப் பந்து வீச்சாளர்களே. ஒரே உருவமும் ஒரே வித்தையும் உடைய இருவருக்கு ஓர் அணியில் இடம் கிடைக்குமா? ஒருவர் வேறு வழிக்கு மாற வேண்டும் என்று தீர்மானித்து, நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தனர். அலெக் வென்றார், அவர் தம் வழியிலேயே நின்றார். எரிக் சுழற்பந்து வீச்சுக்கு மாறினார். பிற்காலத்தில் அலெக் உலகப் புகழ் பெற்றார். எரிக் சர்ரே அணியின் சிறந்த ஆட்டக்காரராக விளங்கிய போதிலும், ஒரு டெஸ்ட் பந்தயத்திலேனும் ஆடவில்லை. அதன் பொருட்டு உடன்பிறந்தார் இருவருக்கும் இடையே ஒரு நாளும் மனவேறுபாடு தோன்றவில்லை. வாழ்நாள் முழுதும் பிரியாது வாழ்ந்தனர்.

1939ஆம் ஆண்டு முதல்தர ஆட்டத்தில் அலெக் கால் வைத்தார். அதே ஆண்டில் உலகப் போர் மூண்டது. சகோதரர் இருவரும் விமானப் படையில் சேர்ந்தனர். 1940ஆம் ஆண்டு டன்கர்க் கடற்கரையிலிருந்து உயிர் தப்பி மீண்ட பல்லாயிரம் வீரர்களுள் அவர்களும் இருந்தனர். பிறகு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பணி புரிந்தனர். பந்து வீச்சாளருடைய உடல் வலிமை உச்சத்தில் இருக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து இருபத்தேழு வரை என்பர். அந்த ஆறு ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது.

போர் ஓய்ந்ததும், 1946ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்ற முதல் அணி நம் இந்திய அணி. அதன் தலைவர் பட்டோடி நவாப் இப்திகார் அலிகான். விஜய் மெர்ச்சண்ட், ஹஸாரே, அமர்நாத், மன்கட் முதலிய பெருவீரர்கள் அந்த அணியில் இருந்தனர். ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. அலெக் பெட்சருக்கும் அதுவே முதல் டெஸ்ட். முதல் ஆட்டத்தில் 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். இரண்டாம் ஆட்டத்தில் 96 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள். ஆக மொத்தம் 11. இங்கிலாந்து பத்து விக்கெட்டுகளால் வென்றது. அடுத்து மான்செஸ்டரில் நடந்த பந்தயத்திலும் அவர் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அங்கே நம்மவர்களின் கடைசி ஜோடியான ஹிண்டல்கரும் சொஹோனியும் விடாது நின்று தோல்வியைத் தவிர்த்தனர். தம் முதல் இரு டெஸ்டுகளிலேயே 22 விக்கெட்டுகளைப் பெற்ற பெட்சருக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

இனி, அவருடைய வித்தையைச் சற்று ஆராய்வோம். மிதவேகப் பந்து மணிக்கு ஏறத்தாழ 120 முதல் 135 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. இந்த வேகத்தில், மட்டைக்காரருக்குக் கிடைப்பது அரை வினாடிதான். எனினும் பழகிய மட்டைக்காரருக்கு அரை வினாடி போதும். ஆகவே வேகத்தை மட்டும் நம்பி மிதவேக வீச்சாளர் பிழைக்க முடியாது. அவருக்கு இரு துணைகள் உண்டு: ஒன்று காற்று, மற்றொன்று தரை.

கிரிக்கெட் பந்தின் நடுவே தடித்த தையல் ஒன்று ஓடுகிறது. அத்தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசினால், பந்தின் ஒரு பக்கத்தில் செல்லும் காற்று தையலில் தடுக்குண்டு கலங்குகிறது. கலங்கிய காற்று பந்தின் மேற்பரப்பை நெடுநேரம் ஒட்டிச் செல்லும். மறுபக்கத்துக் காற்று விரைவில் விலகிவிடும். இவ்வேற்றுமையால் பந்து, தையல் சாய்ந்துள்ள திசையை நோக்கி வளைகிறது. பெட்சருடைய பந்து இயல்பாகவே வெளியிலிருந்து மட்டைக்காரரை நோக்கி உள்ளே வளைந்து வரும்.

இரண்டாவது துணை தரை. 1946ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பெட்சர், ஒரு புதுப் பந்தைக் கண்டறிந்தார். விரல்களைத் தையலின் மீது வைத்து, கையை விட்டுப் பந்து நீங்கும் கணத்தில் குறுக்கே இழுத்து விடுவார். பந்து காற்றில் உள்ளே வரும். தரையில் பட்டதும் லெக் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கத்துக்கு வெட்டித் திரும்பும். இதற்கு ‘லெக் கட்டர்’ என்று பெயர். பெட்சருடைய கைகள் மிகப் பெரியவை. ஆறடி மூன்றங்குல உயரமும் அகன்ற தோள்களும் உடையவர். சுழற்பந்து வீச்சாளரின் விரல் வித்தையை மிதவேகத்தில் செய்வதற்கு அந்தக் கைகள் உதவின. மழையில் நனைந்து காய்ந்த தரையில் அவர் பந்து மட்டைக்காரருக்கு யமனாகவே தோன்றியிருக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டு அடிலெய்டில் நடந்த டெஸ்டில் உலகமே மெச்சிய டொனால்ட் பிராட்மன் ஆட வந்தார். பெட்சருடைய பந்து லெக் ஸ்டம்பை நோக்கி வளைந்து வந்தது. பிராட்மன் அதைத் தடுக்க மட்டையை நீட்டினார். தரையில் பட்ட பந்து எதிர்ப்புறம் திரும்பி ஸ்டம்பைச் சாய்த்தது. பிராட்மன் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. தம்மை வீழ்த்திய பந்துகளுள் தலைசிறந்தது அதுவே என்று பிராட்மனே பின்னர்க் கூறினார். அத்தொடரின் கடைசி ஆட்டத்திலும், 1948ஆம் ஆண்டுத் தொடரின் முதல் நான்கு ஆட்டங்களிலும், ஆக ஐந்து முறை அடுத்தடுத்து பிராட்மன் பெட்சருக்கே விக்கெட்டை இழந்தார். அவற்றுள் மூன்று முறை பந்தைப் பிடித்தவர், மட்டைக்காரரின் பின்புறம் லெக் பக்கத்தில் நெருங்கி நின்ற ஹட்டன். வலை விரித்து மீன் பிடிப்பது போன்ற தந்திரம் அது. அந்த வலைக்குத் தேவையானது பந்து ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுவதே. பெட்சரின் துல்லியத்தில் நம்பிக்கை கொண்ட விக்கெட் காப்பாளர் காட்பிரே எவன்ஸ், அவருடைய பந்துக்கு ஸ்டம்பை ஒட்டியே நிற்பார். மிதவேகப் பந்துக்கு அவ்வாறு நிற்பது எளிய செயல் அன்று.

இவ்வளவு பெரிய வீரருக்கு அக்காலத்துச் சமுதாயம் தந்த இடம் யாது? அன்றைய இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடுவோர் இரு சாதிகளாகப் பிரிந்திருந்தனர். பொருள் பெறாமல் ஆடுபவர் ‘கனவான்கள்’. கூலி பெற்று ஆடுபவர் ‘ஆட்டக்காரர்கள்’. இருவரும் ஒரே அணியில் ஆடினாலும் பல மைதானங்களில் தனித்தனி அறைகளில் உடை மாற்றினர். தனித்தனி வாயில் வழியே களத்தில் இறங்கினர். ஆட்ட அட்டையில் கனவானுடைய பெயருக்கு முன்னே முதலெழுத்துக்கள் வரும். கூலிக்காரர் பெயருக்குப் பின்னே வரும். 1950ஆம் ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்னும் இளந்தொழிலாளர் ஒருவருடைய முதலெழுத்துக்கள் தவறிப்போய்ப் பெயருக்கு முன்னே அச்சாகிவிட்டன. அப்பிழையை ஒலிபெருக்கியில் அறிவித்துத் திருத்தினார்களாம்! அவர் களத்தில் இறங்கும் வேளையில், அவர் இன்ன இனத்தைச் சேர்ந்தவர் என்று உலகறியச் சொன்னது அந்த அறிவிப்பு. 1962ஆம் ஆண்டின் இறுதியில்தான் இந்த வேற்றுமை சட்டத்தை விட்டு நீங்கியது.

தொழிலாளர்களுக்குக் கோடைக்காலத்தில் ஓய்வு அரிது. வாரத்தில் ஆறு நாளும் ஆட்டம். மாலையில் ஆட்டம் முடிந்தால் இரவில் பயணம். மறுநாள் வேறோர் ஊரில் மீண்டும் ஆட்டம். பல ஆண்டுகள் உழைத்தவருக்கு அணியினர் ‘உதவி ஆட்டம்’ ஒன்றை நடத்தி, வசூலை அவரிடம் கொடுப்பர். முதுமைக்கு அதுவே முதல். அதுவும் மழை பெய்தால் குறைந்துவிடும். இந்த வாழ்வில் பெட்சர் ஒருபோதும் முறுக்கவில்லை, முனகவில்லை. உழைப்பே உடலைத் திடப்படுத்தும் என்பது அவர் கொள்கை. ஆண்டுக்கு 100 விக்கெட்டு என்னும் எல்லையை அவர் பதினொரு முறை கடந்தார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி அல்லவா?

1950–51ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தொடரில் இங்கிலாந்து தோற்றது. பெட்சர் மட்டும் 30 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். 1953ஆம் ஆண்டு ஆஸ்திரேலியர் இங்கிலாந்துக்கு வந்தனர். நாட்டிங்ஹாமில் பெட்சர் 99 ஓட்டங்களுக்கு 14 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் மழை குறுக்கிட்டதால் வெற்றி கைகூடவில்லை. அத்தொடரில் அவர் பெற்றவை 39 விக்கெட்டுகள். கிரிம்மெட் என்பார் நிலைநாட்டியிருந்த 216 விக்கெட்டுகள் என்ற உலகச் சாதனையையும் அப்போதுதான் கடந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஆஷஸ் கோப்பை இங்கிலாந்துக்கு மீண்டது. அந்த அணிக்குத் தலைவர் லென் ஹட்டன். இருபதாம் நூற்றாண்டில் அப்பதவியை ஏற்ற முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே.

அதே ஹட்டன் தலைமையில் 1954ஆம் ஆண்டு பெட்சர் மூன்றாம் முறையாக ஆஸ்திரேலியா சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. போகும் போதே அக்கி நோய் கண்டு உடல் மெலிந்தது. முற்றும் தேறுமுன் பிரிஸ்பேனில் முதல் டெஸ்டில் ஆடினார். ஆஸ்திரேலியா 8 விக்கெட் இழப்பில் 601 ஓட்டங்கள் குவித்தது. அவருடைய பந்துகளில் வந்த பிடிகளைப் பலர் நழுவ விட்டனர். 131 ஓட்டங்களுக்கு ஒரே விக்கெட். அதன் பிறகு அத்தொடரில் அவருக்கு இடமில்லை. தாம் ஆடப்போவதில்லை என்பதைத் தலைவர் வாய்மொழியாக அன்றி, ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்தே அவர் அறிந்தார். ஆண்டுக்கணக்காக அணியைத் தோள்மேல் சுமந்தவருக்கு நேர்ந்த முடிவு அது.

ஹட்டனைப் பழிப்பது எளிது. ஆனால் டைசன், ஸ்டாதம் என்னும் வேகப் பந்து வீச்சாளர்கள் அத்தொடரை வென்று கொடுத்தனர் என்பதையும் மறக்கலாகாது. தலைவர் செய்த தேர்வு சரியாகவே இருந்தது. அதைச் சொன்ன முறையே தவறு. தொழிலில் ஒருவனுடைய காலம் முடியலாம். அதை அவனிடம் முகம் பார்த்துச் சொல்லும் கடமை முடிவதில்லை. பெட்சர் மனம் புண்பட்டார். ஆயினும் அணியை விட்டு ஒதுங்கவில்லை. சினந்து ஊர் திரும்பவும் இல்லை. 1955ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அணியுடன் ஒரு டெஸ்டில் ஆடியதோடு அவருடைய உலக ஆட்டம் முடிந்தது. சர்ரே அணிக்காக 1960 வரை வீசினார். அந்த அணி 1952 முதல் 1958 வரை ஏழாண்டு தொடர்ந்து முதலிடம் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. முதல்தர ஆட்டங்களில் அவர் பெற்ற மொத்த விக்கெட்டுகள் 1,924. அவருடைய டெஸ்ட் சாதனையை 1963ஆம் ஆண்டு முறியடித்தவர் அதே ஸ்டாதம்.

பிறகு பெட்சர் இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருபத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். 1969 முதல் 1981 வரை அதன் தலைவராகவும் இருந்தார். ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னே முதலெழுத்துக்களைச் சுமந்தவர், 1997ஆம் ஆண்டுப் புத்தாண்டு விருதுப் பட்டியலில் பெயருக்கு முன்னே ‘சர்’ பட்டம் பெற்றார். எரிக் 2006இல் மறைந்தார். அலெக் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார்.

நண்பர்களே, அடுத்த முறை மைதானத்துக்குச் சென்றால், ஓட்டங்களை எண்ணுவதோடு நில்லாமல், பந்து விழும் இடத்தையும் ஆறு முறை கூர்ந்து பாருங்கள். ஆறும் ஒரே இடத்தில் விழுந்தால், அங்கே ஒரு தொழிலாளி வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று அறிந்துகொள்ளலாம். அவனுக்கும் ஒரு முறை கை தட்டுங்கள்.