ஒரு படி, ஒரு பாட்டு

டிசம்பர் 31 அன்று திருத்தணி மலையடிவாரத்தில் பஜனைக் குழுக்கள் கூடுகின்றன. முதல் படியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சாத்தி, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடுகிறார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்த படி. மொத்தம் 365 படிகள்; ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்பது இந்த ஊரின் நம்பிக்கை. இப்படியே பாடி முடித்து மேலே போனால், நள்ளிரவில் முருகனின் புத்தாண்டுத் தரிசனம்.

இந்தத் திருப்படித் திருவிழாவை 1917-ல் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சுவாமிகள் எனப்படும் சச்சிதானந்த சுவாமிகள். 1870-ல் பிறந்த அவருடைய இயற்பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். திருவண்ணாமலையில் ரமணரைப் பார்க்கப் போனபோது, ‘கீழே போ’ என்று மட்டும் அவர் சொல்ல, இறங்கி வந்த இடத்தில் சேஷாத்ரி சுவாமிகள் எதிர்ப்பட்டு, திருப்புகழே உனக்கு மந்திரம் என்று சொல்லி வள்ளிமலைக்கு அனுப்பினார் என்பது அவர் அன்பர்கள் சொல்லும் வரலாறு.

அந்தக் காலத்தில் ஆங்கிலப் புத்தாண்டு என்றால், பழமும் மாலையுமாக வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டு வாசலில் போய் நிற்பது வழக்கம். துரைக்குப் போடும் கும்பிடைத் தணிகை நாதனுக்குப் போடலாமே என்று சுவாமிகளுக்குத் தோன்றியது. மலைக்கு ஆட்களைக் கூப்பிட்டதோடு அவர் நிறுத்தவில்லை. ஏறும் விதத்தையும் வகுத்துக் கொடுத்தார். படிக்கு ஒரு பாட்டு என்று வைத்துவிட்டால் ஓட முடியாது. உச்சியை நினைத்துக்கொண்டு இந்தப் படியைத் தாண்டிவிடவும் முடியாது.

இதற்கு ஏற்ற பாட்டாகத் திருப்புகழைவிட வேறொன்று கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அருணகிரிநாதரின் சந்தம் அப்படிப்பட்டது. நெடிலும் குறிலும் வல்லினமும் மெல்லினமும் குறித்த இடத்தில் விழ வேண்டும். பாடுகிறவரின் மனம் வீட்டுக் கடனுக்கோ மகளின் தேர்வுக்கோ ஒரு நொடி போய்விட்டால், நாக்கு புரண்டுவிடும், தாளம் தப்பிவிடும். மனம் விலகியதை அந்தக் கணத்திலேயே பாட்டு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

மனம் அலைவதைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. 2,250 பேரை ஐபோன் செயலி வழியாக அவ்வப்போது இடைமறித்து, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். கிடைத்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. செய்கிற வேலை எதுவானாலும், மனம் அதில் இல்லாத வேளையில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது.

அலையும் மனத்தை இருக்கும் கணத்துக்குத் திருப்ப, இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பயிற்சிக்கு மருத்துவமனை வடிவம் கொடுத்தவர் ஜான் கபட்-ஜின். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தீராத வலியோடு வந்தவர்களுக்காக ஒரு பயிற்சியை அமைத்தார். பௌத்த தியான மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை மூச்சைக் கவனிப்பது, உடலை உள்ளங்கால் முதல் உச்சி வரை உணர்வது, மெதுவாக நடப்பது போன்றவை. தொடக்கப் பாடம் ஓர் உலர்திராட்சை. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்து, மிக மெதுவாகக் கடிக்க வேண்டும்.

திருத்தணிக்காரர்களுக்கு இந்த இடத்தில் முத்துசுவாமி தீட்சிதர் நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை. இந்த மலையில் ஒரு முதியவர் அவர் வாயில் கற்கண்டு போட்டதாகவும், அந்த இனிப்பு கரைகையில் மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ பிறந்ததாகவும் சொல்வார்கள். அது தீட்சிதரின் முதல் கீர்த்தனை.

மைண்ட்ஃபுல்னெஸும் படிவிழாவும் ஒன்றல்ல. ஒன்று சிகிச்சை அறையின் பயிற்சி, மற்றது பக்தி. பயிற்சியின் பலனைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது அதன் பலம். திரும்பத் திரும்ப மனச்சோர்வுக்கு ஆளான 145 பேரிடம் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. மூன்று முறையோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு நோய் திரும்புவது கணிசமாகக் குறைந்திருந்தது. அதற்காக எல்லோருக்கும் இதை ஊட்டிவிடவும் முடியாது. பிரிட்டன் பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2022-ல் வெளிவந்தபோது, வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைத் தொடரவே இல்லை. கண்ணை மூடித் தனியே உட்கார்ந்தால் பழைய காயங்கள் கிளறப்படும் நிலையில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

படிவிழாவில் யாரும் தனியே உட்காருவதில்லை. கைக்கு வேலை, காலுக்கு வேலை, தொண்டைக்கு வேலை. பக்கத்தில் தாளம் தட்ட ஆள். மனத்தை நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு முழு நேர வேலை கொடுத்துவிடுகிறார்கள். ‘தியானம் எனக்கு வராது’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் முயல வேண்டிய வழி இது.

சாதாரண நாட்களிலும் நேர்த்திக்கடனாகப் படி பூஜை செய்யும் பெண்களைப் பார்க்கலாம். கையில் குழைத்த மஞ்சள் கிண்ணம், இடுப்பில் செருகிய முந்தானை. குனிந்து மஞ்சள் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு துண்டு கற்பூரம் ஏற்றுகிறார்கள். மலைக்காற்றில் அது அணைந்தால், உள்ளங்கையால் மறைத்து மறுபடி ஏற்றுகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். இவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருமுறை நிமிர்ந்து, இன்னும் எத்தனை படி என்று எண்ணத் தொடங்கினால் இடுப்பு வலி அப்போதே தெரிய ஆரம்பித்துவிடும் என்பது குனிந்தவர்களுக்குத் தெரியும்.

திருத்தணி வரை சென்னையிலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. முட்டி வலி உள்ளவர்களுக்கு மலைப்பாதையில் வண்டி வசதியும் உண்டு. ஆடிக் கிருத்திகையிலும் ஆண்டின் கடைசி இரவிலும் படிகளில் கால் வைக்க இடமிருக்காது. நிதானமாக ஏறிப் பார்க்க நினைப்பவர்கள், விழா இல்லாத ஒரு வாரநாளின் காலையைத் தேர்ந்தெடுக்கலாம். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலுக்குக் கல் சுடும். 365 பாட்டும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த ஒரு திருப்புகழையே படிதோறும் ஒரு வரியாகப் பாடிக்கொண்டு போகலாம்.