சேவலா, பெட்டையா? நிறம் சொல்லும் செய்தி
(பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளக்கடை)

சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் கோழி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார்களுக்கு முட்டைக் காசு ஒரு கைக்காசு. பிள்ளைகளின் நோட்டும் பேனாவும் பல வீடுகளில் அந்தக் காசில்தான் வருகின்றன. ஆகவே அடை வைத்த முட்டைகள் பொரித்தவுடன், "இதில் பெட்டை எத்தனை?" என்ற கேள்வி எழுவது இயல்பே. கொண்டையும் வாலும் வளர்ந்து விடை தெரியப் பல வாரங்கள் ஆகும். நீள முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்று சிலர் சொல்வதுண்டு. முட்டையின் வடிவத்துக்கும் குஞ்சின் பாலினத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனால் தாய்க் கோழியையும் தந்தைச் சேவலையும் முறையாகத் தேர்ந்தெடுத்தால், பொரித்த முதல் நாளே குஞ்சின் நிறம் உண்மையைச் சொல்லிவிடும். அது எவ்வாறு என்று பார்ப்போம், தோழியரே!

பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து பாரம்பரிய விதிகளை 1866-இல் அச்சில் வெளியிட்டவர் அகுஸ்தினார் சபைத் துறவி கிரிகோர் மெண்டல். அவ்விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-இல் வில்லியம் பேட்சன் காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கோழிக் கொண்டைகளையே! அவருடன் உழைத்த கேம்பிரிட்ஜ் அறிஞர் பன்னெட், முதல் உலகப் போரில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நிறத்தைக் கொண்டே சேவல் குஞ்சுகளைப் பிரித்துவிடலாம் என்று வழி கூறினார்.

மனிதரில் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய் குரோமோசோம்கள் என்று படித்திருக்கிறோம். கோழிகளில் இது நேர்மாறு. சேவலுக்கு இஸட் இஸட். பெட்டைக்கு இஸட் டபிள்யூ. தாய்க் கோழி தன்னிடமுள்ள ஒரே இஸட்டை மகனுக்குத் தருகிறது; மகளுக்கு டபிள்யூவைத் தருகிறது. மகளுக்குரிய இஸட் தந்தையிடமிருந்து மட்டுமே வருகிறது. சில நிற ஜீன்கள் இந்த இஸட்டில் இருக்கின்றன. நிறம் பாலினத்தைக் காட்டிக் கொடுக்கும் இரகசியம் இதுதான்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுகிறேன். கறுப்பு வெள்ளை வரிகளுள்ள பிளிமத் ராக் பெட்டையை, ரோட் ஐலண்ட் ரெட் என்னும் சிவப்புச் சேவலோடு சேர்த்தால், குஞ்சுகள் எல்லாம் கறுப்பாகப் பொரிக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது சேவல். பொட்டு இல்லாவிட்டால் பெட்டை. வரியைத் தரும் ஜீன் தாயிடமிருந்து மகனுக்கு மட்டும் சென்றதன் அடையாளமே அந்தப் பொட்டு. அதே சிவப்புச் சேவலை லைட் சஸக்ஸ் என்னும் வெள்ளி நிற இனப் பெட்டையோடு சேர்த்தால், சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாகவும் இருக்கும். ரோட் ஐலண்ட் ரெட் நம் மாநிலத்துக்குப் புதியதன்று. சென்னை நந்தனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'நந்தனம் கோழி 1' இவ்வினத்திலிருந்து வந்ததே.

இதைச் செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. ஜோடியை மாற்றக் கூடாது. வரிச் சேவலையும் சிவப்புப் பெட்டையையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளுக்கும் பொட்டு இருக்கும், ஒன்றும் தெரியாது.

2. பழைய சேவலைப் பிரித்தபின் மூன்று வாரம் கழித்தே அடைக்கு முட்டை சேர்க்க வேண்டும். அதுவரை பழைய சேவலின் குஞ்சுகளும் வரக்கூடும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் போதும்.

3. இவ்வகைச் சீமைக் கோழிகள் பலவும் ஒழுங்காக அடை காப்பதில்லை. நம் சிறுவிடைக் கோழியின் அடியில் வைத்தால் இருபத்தொரு நாளில் அழகாகப் பொரித்துக் கொடுக்கும்.

4. இந்த அடையாளம் ஒரு தலைமுறைக்கே. கலப்புக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால் அடுத்த ஈட்டில் நிறத்தை நம்ப முடியாது.

5. எல்லாக் கோழிக்கும் இது பொருந்தாது. நாமக்கல் பண்ணைகளில் காணும் வெள்ளை லெகார்ன் கோழியின் வெண்மை மற்ற நிறங்களை மறைத்துவிடும். மொட்டைக் கழுத்துக் கோழியின் கழுத்து ஜீன் இஸட்டில் இல்லை. அது சேவலுக்கும் பெட்டைக்கும் ஒன்றுபோலவே வரும்.

பெரிய குஞ்சு பொரிப்பகங்களில் முட்டையின கோழிகளின் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஜெர்மனி 2022-இல் இதைத் தடை செய்தது. வீட்டுக் கோழி வளர்ப்பில் இந்தக் கொடுமைக்குத் தேவையில்லை. சேவலை வளர்த்துத் திருவிழாக் காலத்தில் விற்கலாம். பெட்டையை முட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தெரிந்தால் தீவனக் கணக்கும் வரவுக் கணக்கும் சரியாக அமையும்.

இன்னொன்றும் சிந்திக்க வேண்டும். கோழியில் குஞ்சின் பாலினத்தை முடிவு செய்வது தாயின் குரோமோசோம். மனிதரில் அது தந்தையின் குரோமோசோம். தாயால் எக்ஸை மட்டுமே தர முடியும். அப்படியிருந்தும் பெண் குழந்தை பிறந்தால் பெற்றவளையே பழிக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பெண் சிசுக்களைக் காக்க நம் சேலம் மாவட்டத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. தந்தையும் இதைத் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. ஆகவே பழிக்க எவரும் இல்லை.

பெட்டைக் குஞ்சு பொரித்தால் கூடை நிறைந்ததென்று மகிழும் வீடுகள், பெண் மகவு பிறந்தாலும் அவ்வாறே மகிழட்டும்!