ஊசி முனையைத் தேடித் தரும் கருவி

கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தவும், கட்டியிலிருந்து திசு எடுக்கவும், அறுவைக்கு முன் ஒரு கையை மட்டும் மரத்துப்போகச் செய்யவும் மருத்துவர்கள் இன்று அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துகிறார்கள். கழுத்துச் சிரைக்கு இந்த முறையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் (NICE) 2002-லேயே பரிந்துரைத்தது. ஆனாலும் புதிதாகக் கற்பவருக்கு இது கடினமான வேலை.

ஏன் கடினம்?

தோல்மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் புரோப் அனுப்பும் ஒலிக்கற்றை மிக மெல்லியது. அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். ஊசி முழுதும் அதற்குள் இருந்தால் கோடாகத் தெரியும். கொஞ்சம் விலகினாலும் மறைந்துவிடும். கற்றையைக் குறுக்கே கடந்தால் ஒரு புள்ளி மட்டுமே தெரியும். அந்தப் புள்ளி ஊசியின் முனையாகவும் இருக்கலாம், நடுத்தண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தண்டை முனையென்று நம்பி மேலும் அழுத்தினால், அருகிலுள்ள தமனியோ நுரையீரலோ குத்துப்படலாம்.

கருவி என்ன செய்கிறது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்த வழிகாட்டிக் கருவி, ஊசி இருக்கும் இடத்தைக் கணித்துத் திரையில் வரைந்து காட்டுகிறது. இதற்குச் சில வழிகள் உண்டு. ஒன்றில், நோயாளியின் அருகே மெல்லிய காந்தப்புலம் உண்டாக்கப்படும். ஊசியிலுள்ள சின்னஞ்சிறு கம்பிச்சுருள் அதை உணர்ந்து தன் இடத்தைச் சொல்லும். இன்னொன்றில், புரோபில் பொருத்திய கேமராக்கள் ஊசியைக் கவனிக்கும். மற்றொன்றில், முனையருகே உள்ள உணரி ஒலி அலையையே கேட்டு இடத்தைக் காட்டும். சில கருவிகள், தோலைத் துளைக்கும் முன்பே ஊசி செல்லப்போகும் பாதையைக் கோடாகப் போட்டுவிடும்.

எதில் கவனம் வேண்டும்?

அருகிலுள்ள இரும்புப் பொருள்கள் காந்தப்புலத்தைக் குலைக்கும். உணரி ஊசியின் பிடியில் இருந்து, ஊசி உள்ளே வளைந்துவிட்டால், திரைக்கோடு ஓரிடத்திலும் உண்மையான முனை வேறிடத்திலும் இருக்கும். ஆகவே கோட்டை மட்டும் நம்பக் கூடாது. ஊசியை லேசாக அசைத்து, திசு அசைவதைப் படத்திலும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

எங்கே பழகுவது?

பழக வேண்டிய இடம் நோயாளியின் உடல் அல்ல. ஜெலட்டின் மாதிரிகளிலேயே கை பழக வேண்டும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பெர்க் டியூட்டர் என்ற இலவச மென்பொருள், கற்பவரின் ஊசி சென்ற பாதையையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் பதிவுசெய்கிறது. எங்கே தடுமாறினோம் என்பதை அவரே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பிறகு வழிகாட்டியை அணைத்துவிட்டும் பழக வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் அந்தக் கருவி இருக்காது.

கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி ஒன்றுதான்: முனை எங்கே என்று தெரியாதபோது ஊசியை ஒரு மில்லிமீட்டர்கூட முன்னே தள்ளக் கூடாது.