கருவி திரும்பியதா? பலகையே சொல்லட்டும்!

மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவுகளில் சுத்தியல், அரம், ஸ்பானர், திருப்புளி, குறடு, வெர்னியர் அளவி எனப் பல கைக்கருவிகள் உண்டு. உயர்நிலை, நடுநிலைப் பள்ளிகளிலும் சிறு பழுது பார்ப்பதற்கும் அறிவியல் செயல்பாடுகளுக்கும் ஒரு கருவிப்பெட்டி இருக்கும். இவை பல இடங்களில் பூட்டிய பீரோவிலேயே இருக்கின்றன. அதற்குக் காரணம் ஆசிரியரின் அக்கறையின்மை அன்று. ஒவ்வொரு கருவியும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஆண்டு இறுதிச் சரிபார்ப்பில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். நாற்பது மாணவர்களிடம் கொடுத்துவிட்டு நாற்பதும் திரும்பி வந்தனவா என்று பார்ப்பதற்குள் அடுத்த பாடவேளை மணி அடித்துவிடும்.

பூட்டி வைத்தால் கருவி பத்திரமாக இருக்கும்; ஆனால் மாணவர் கையில் பழக்கம் வராது. இழப்பு அச்சமின்றிக் கருவிகளை வெளியே வைக்க, செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. ஒரு கருவி குறைந்தால் அந்த இடமே அதைக் காட்டிக் கொடுக்கும்படி அடுக்குவதுதான் அது.

நிழல் பலகை

ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வண்ணத்தில் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே கருவியை மாட்டுகிறோம். கருவியை எடுத்தால் அதன் நிழல் போன்ற உருவம் தெரியும். தொழிற்சாலைகளில் இதை நிழல் பலகை என்பார்கள். விமானப் பராமரிப்புக் கூடங்களிலும் இதே முறை உண்டு. இயந்திரத்துக்குள் ஒரு திருப்புளி தங்கிவிட்டால்கூட ஆபத்து என்பதால், கருவியின் வடிவிலேயே வெட்டிய குழிகள் கொண்ட தட்டுகளில் வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்கிறார்கள்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பிறந்த ‘ஐந்து எஸ்’ முறையும் இதையே கற்பிக்கிறது. தேவையற்றதை விலக்குதல், ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குதல், துப்புரவு செய்தல், எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றுதல், அதை வழக்கமாக்குதல் என்பவை அதன் ஐந்து படிகள். நாம் செய்ய வேண்டிய வரிசையும் இதுதான். முதலில் கைப்பிடி கழன்ற சுத்தியலையும் தேய்ந்த அரத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, பயன்படுத்தக் கூடியவற்றை மட்டும் பலகைக்குக் கொண்டு வர வேண்டும்.

பலகை செய்யும் முறை

நான்கடிக்கு மூன்றடி அளவில் 12 மி.மீ. ஒட்டுப்பலகை போதும். பழைய மேசைப் பலகையும் ஏற்றதே. ஆனால் பள்ளித் தளவாடமாக இருந்தால், முறைப்படி கழிவு நீக்கம் செய்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

1. பலகைக்கு வெளிர் நிறம் பூசி உலர விடுங்கள். அதைத் தரையில் கிடத்தி, ஆணி அடிக்கும் முன்பே எல்லாக் கருவிகளையும் அதன் மேல் பரப்பிப் பாருங்கள். இரண்டு கருவிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். இல்லையெனில் ஒன்றை எடுக்கும்போது மற்றொன்று விழும்.

2. கனமானவை கீழ் வரிசையிலும், அடிக்கடி எடுப்பவை நடுவிலும் இருக்கட்டும். கூர்மையானவற்றைத் தலைக்கு மேல் மாட்டக் கூடாது. உங்கள் வகுப்பில் உயரம் குறைந்த மாணவருக்கும் மேல் வரிசை எட்ட வேண்டும்.

3. ஒவ்வொரு கருவியையும் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து, உள்பகுதியை அடர்நிற வண்ணத்தால் நிரப்புங்கள். உருவத்தின் உள்ளேயே கருவியின் பெயர், அளவு, பதிவேட்டு எண் ஆகியவற்றை எழுதுங்கள். கருவி இல்லாதபோதுதான் அந்த எழுத்து தெரியும். அப்போதுதான் அது தேவையும்கூட.

4. ஆணிகளைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து அடித்தால் கருவி நழுவாது. பலகையைச் சுவரில் திருகாணிகளால் உறுதியாகப் பொருத்துங்கள்.

எதை எதில் வைப்பது?

சுத்தியலின் தலையை இரண்டு ஆணிகளுக்கு மேல் உட்கார வைத்தால் போதும். இருமுனை ஸ்பானர்களை 6-7, 8-9, 10-11, 12-13 என அளவு வரிசையில் மாட்டுங்கள். திருப்புளிகளுக்கு, துளையிட்ட மரச்சட்டம் ஒன்றைப் பலகையில் பொருத்துங்கள். குறடுகளுக்குப் பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி, வளையமாக ஆணி அடித்துக்கொள்ளலாம்.

அரங்களை ஒரே பெட்டியில் போடுவது அவற்றை நாமே மழுங்கடிப்பதாகும். அரத்தின் பற்கள் கடினமானவை, ஆனால் எளிதில் உடையக் கூடியவை. ஒன்றோடொன்று உரசினால் முனை போய்விடும். மிச்சம் கிடக்கும் பிவிசி குழாயை நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, பலகையில் சற்றுச் சாய்வாகப் பொருத்தி, ஒரு துண்டுக்கு ஓர் அரம் என நிறுத்துங்கள். உளிகளின் முனை வெளியே தெரியாதபடி முன்புறம் ஒரு சிறு பலகைத் தடுப்பு வையுங்கள். வாளின் பற்களுக்கு, நீளவாக்கில் கீறிய தண்ணீர்க் குழாய்த் துண்டை உறையாக மாட்டலாம்.

பழைய ஒலிபெருக்கிக் காந்தம் சிதறிய ஆணிகளைப் பொறுக்க உதவும். ஆனால் அரத்தையும் அளவுக்கருவிகளையும் அதில் ஒட்டி வைக்கக் கூடாது. அவை காந்தத் தன்மை பெற்று இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். வெர்னியர் அளவி, திருகு அளவி, மூலைமட்டம் ஆகியவற்றை வெட்டும் கருவிகளோடு சேர்க்காமல், துணி விரித்த தனித் தட்டில் வையுங்கள். ஈரக்காற்று மிகுந்த கடலோரப் பள்ளிகளில், வாரம் ஒருமுறை எண்ணெய் தொட்ட துணியால் எஃகுப் பரப்புகளைத் துடைத்தால் துருவைத் தடுக்கலாம். அரத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம். கம்பித் தூரிகையால் பற்களைச் சுத்தம் செய்தால் போதும்.

எடுத்தவர் யார்?

காலியிடம், கருவி இல்லை என்பதைச் சொல்லும்; அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு வில்லை முறை உதவும். ஒவ்வொரு குழுவுக்கும் எண் எழுதிய ஐந்து வில்லைகள் கொடுங்கள். துளையிட்ட பாட்டில் மூடிகளே போதும். கருவியை எடுப்பவர் அந்த ஆணியில் தம் குழுவின் வில்லையை மாட்ட வேண்டும். கருவியைத் திருப்பி வைக்கும்போது வில்லையை எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் எழுதும் நேரம் மிச்சமாகும். ஒரு குழு ஐந்துக்கு மேல் கருவிகளைக் குவித்து வைக்கவும் முடியாது.

பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலையை நிறுத்துங்கள். வாரந்தோறும் மாறும் கருவிப் பொறுப்பாளர் பலகையைப் பார்த்து, “12-13 ஸ்பானர் இன்னும் வரவில்லை” என்று கருவியின் பெயரை மட்டும் சொல்லட்டும். பெரும்பாலும் அது மேசைக்கு அடியிலோ பக்கத்துக் குழுவிடமோ கிடைத்துவிடும். எல்லாரும் அறையில் இருக்கும்போதே குறை தெரிவதால் தேடுவது எளிது.

இதில் கருவியைவிடப் பெரிய ஒன்று அடங்கியிருக்கிறது. மாலையில், மாணவர்கள் கலைந்த பிறகு ஒரு கருவி குறைவதைக் கண்டால், மறுநாள் பைகளைச் சோதிக்கத் தோன்றும். அப்போது யார் மீது முதலில் சந்தேகம் விழும்? பெரும்பாலும் ஏழைப் பிள்ளை மீதும், ஏற்கெனவே ‘சேட்டைக்காரன்’ என்று பெயர் வாங்கியவன் மீதும்தான். கருவி பிறகு அலமாரி இடுக்கில் கிடைத்தாலும், எல்லார் முன்னிலையிலும் பை திறக்கப்பட்ட மாணவன் அதை மறக்க மாட்டான். பத்து நொடியில் பலகையைப் பார்த்துவிட்டால் அந்த நிலையே வராது.

பலகையின் ஓரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு டப்பாவும் இருக்கட்டும். அதில் ‘பழுது’ என்று எழுதுங்கள். பிடி உடைந்த சுத்தியலையும் முனை முறிந்த திருப்புளியையும் மாணவர் அச்சமின்றி அதில் வைக்கலாம்; யார் உடைத்தது என்ற விசாரணை இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில் ஒளித்து வைக்கப்படும் உடைந்த கருவிதான் பல நேரம் காணாமற்போன கருவியாகிறது. உடைந்தது நம் கைக்கு வந்தால் பழுது பார்க்கலாம். பதிவேட்டிலும் முறையாகக் குறிக்கலாம்.

தொடக்க வகுப்புகளில்

இம்முறை பணிமனைக்கு மட்டும் உரியதன்று. செயல்வழிக் கற்றலில் குழந்தைகள் சின்னத்தைப் பார்த்து அட்டையை எடுத்து, அதே சின்னமுள்ள தட்டில் திருப்பி வைத்ததை நாம் அறிவோம். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் உருவம் புரியும்.

ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசைத் துளைகள் இடுங்கள். பத்துக் கத்தரிகளும் முனை கீழாக அதில் நிற்கும். “எட்டு வந்துவிட்டன, இன்னும் எத்தனை வர வேண்டும்?” என்று கேட்டால் அதுவே கழித்தல் பாடம். கரும்பலகைக் கவராயம், பாகைமானி, மூலைமட்டங்களைச் சுவரில் உருவம் வரைந்து மாட்டினால், கணக்கு வேளையில் தேடும் அலைச்சல் இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். நிழல் பலகை பூட்டுக்கு மாற்று அன்று. மாலையில் அறை பூட்டப்பட வேண்டும். பகலில் கருவிகள் மாணவர் கைகளில் இருக்கட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இருபது கருவிகளோடு ஒரு சிறு பலகையில் தொடங்குங்கள். உருவம் வரைவதையும் பெயர் எழுதுவதையும் மாணவர்களிடமே விடுங்கள். தாமே வரைந்த நிழல் காலியாக இருந்தால், நாம் கேட்கும் முன்பே அவர்கள் தேடத் தொடங்குவார்கள்.