பெஞ்சுக்கு வைஸ் மாட்டுமுன்

நம் ஊர் ஆசாரிமார் பலர் இன்றும் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உளி போடுவார்கள். பத்து விரலும் பத்திரமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் அது. நாற்பது வயதுக்கு மேல் ஆசைக்காக மரவேலைக்கு வந்த என்னைப் போன்றவர்கள் அதை முயலாமல் இருப்பது விரல்களுக்கு நல்லது. நமக்கு நின்று வேலை செய்ய ஒரு பெஞ்சு வேண்டும், அதன் முன்விளிம்பில் ஒரு வைஸ் வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் மேசைமேல் உட்கார்ந்திருக்குமே, அந்த வைஸ் வேறு. மரவேலை வைஸ் பெஞ்சுக்கு அடியில் தொங்கும். அதன் இரண்டு தாடைகள்தான் விளிம்பில் எட்டிப் பார்க்கும். பின்தாடை அசையாது. முன்தாடை ஒரு திருகுத்தண்டையும் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் வைஸ் இந்த வகையில் பேர்போனது. அதில் 52 என்றால் 7 இன்ச் தாடை, 52½ என்றால் 9 இன்ச், 53 என்றால் 10½ இன்ச். இன்று கடையில் கிடைப்பவற்றில் பல அந்தச் சாயலில் வார்த்தவைதான். முன்னால் ஒரு சின்ன நெம்பு இருந்தால் கூடுதல் சௌகரியம். அதை அழுத்தினால் திருகைக் கவ்வியிருக்கும் அரை நட்டு விலகிவிடும், தாடையை அப்படியே இழுக்கலாம், தள்ளலாம். நாற்பது சுற்றுச் சுற்ற வேண்டியதில்லை.

நான் முதலில் வாங்கியது 9 இன்ச். வந்த அன்று மாலையே பெஞ்சு விளிம்பில் பின்தாடையை ஒட்டவைத்து, அடியிலிருந்து நாலு ஸ்க்ரூ முடுக்கி, விளக்கு போட்டுக் கும்பிடாத குறையாக நின்று ரசித்தேன். மறுநாள் ஆறடிப் பலகை ஒன்றின் ஓரத்தை இழைக்கப் போனேன். இடது முனை வைஸில் இறுக்கமாக இருந்தது. வலது முனையோ விளிம்பிலிருந்து ஒன்றரை இன்ச் தள்ளி அந்தரத்தில் ஆடியது. இழைப்புளி தடதடவென்று குதித்தது. பக்கத்து வீட்டுக்குக் கதவு மாட்ட வந்த ஆசாரி இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வைஸ் பிடிக்குது. பெஞ்சு பிடிக்கலையே.”

வைஸ் மாட்டுவதில் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கிறது. பின்தாடை விளிம்புக்கு வெளியே துருத்தக் கூடாது. மரம் படுகிற பின்தாடை முகமும், பெஞ்சின் முன்விளிம்பும், பெஞ்சுக் காலின் முன்பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் நீளப் பலகையின் ஒரு முனையை வைஸ் கவ்வ, நடுப்பகுதி விளிம்பில் சாய, மறுமுனை வலது காலில் செருகிய முளைமேல் உட்காரும். பிரான்சில் ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோ 1769-இல் வெளியிடத் தொடங்கிய தச்சுநூலில் உள்ள பெஞ்சுப் படத்தைப் பார்த்தால், கால்கள் மேல்பலகையின் விளிம்போடு விளிம்பாக நிற்கும். அழகுக்காக அப்படி வைக்கவில்லை.

துருத்தாமல் செய்ய இரண்டு வழி உண்டு. விளிம்பில் பள்ளம் வெட்டி, இரும்பையும் அதன்மேல் வரும் மரப்பட்டியையும் சேர்த்து உள்ளே புதைப்பது ஒன்று. இதற்கு உளிவேலை நிறைய. எனக்குப் பிடித்தது இன்னொன்று: இரும்பின் கனம் அளவுக்கு மட்டும் பள்ளம் வெட்டி, விளிம்பின் முழு நீளத்துக்கும் ஒரு இன்ச் பலகையை அதன்மேல் அடித்து மூடிவிடுவது. அந்தப் பலகையே பின்தாடைக்கு மரமுகம் ஆகிவிடும். திருகும் கம்பிகளும் நுழைய அடியில் மூன்று அரைவட்டம் வெட்டிக்கொண்டால் போதும். இப்படிச் செய்தால் பெஞ்சுக் கால் ஒரு இன்ச் உள்வாங்கினாற்போல ஆகும். காலிலும் அதே கனத்தில் ஒரு துண்டை ஒட்டிவிடுங்கள்.

எங்கே மாட்டுவது? வலக்கைக்காரர் இழைப்புளியை வலமிருந்து இடமாகத் தள்ளுவார். அதனால் வைஸ் இடது முனையில் இருந்தால் தள்ளுகிற விசை வைஸுக்குள்ளேயே போய் அடங்கும். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். பெஞ்சின் இடது காலை ஒட்டியே மாட்டினால் உளி அடிக்கும்போது பெஞ்சு அதிராது. துளை போடுமுன் வைஸை மூடிவைத்து, பின்பக்கம் திருகும் கம்பிகளும் எவ்வளவு நீளம் போகின்றன என்று அளந்துவிடுங்கள். குறுக்குச் சட்டமோ டிராயரோ அந்த வழியில் இருந்தால் தாடை மூடவே மூடாது.

இனி உயரம். இரும்புத் தாடையின் மேல்நுனி பெஞ்சு மட்டத்துக்கு நாலு நூல், அதாவது அரை இன்ச், கீழே நிற்க வேண்டும். சமமாக வைத்தால் என்றைக்காவது ஒருநாள் இழைப்புளித் தகடு இரும்பில் உரசும். அப்புறம் சாணைக்கல்லோடு அரைநாள் போகும். தாடைகளின் மரமுகம் மட்டும் பெஞ்சு மட்டம் வரை ஏறி வரலாம். இந்த அரை இன்ச் இறக்கத்துக்காக வைஸுக்கும் பெஞ்சின் அடிப்பக்கத்துக்கும் நடுவே ஒரு கட்டை வைக்க வேண்டிவரும். அதன் கனத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் கணக்குப் போட்டே எடுங்கள். வைஸின் அடித்தளத்திலிருந்து, அதாவது ஸ்க்ரூத் துளைகள் இருக்கும் பரப்பிலிருந்து, தாடை நுனி வரை அளந்தால் 3¼ இன்ச் என்று வைத்துக்கொள்வோம். அதோடு இறக்கம் ½ இன்ச் சேர்த்தால் 3¾. பெஞ்சுப் பலகையின் கனம் 2 இன்ச் என்றால் அதைக் கழியுங்கள். மிச்சம் 1¾, அதுதான் கட்டையின் கனம். உங்கள் வைஸின் அளவு வேறாக இருக்கலாம், கணக்கு மாறாது. கட்டையின் நார் பெஞ்சுப் பலகையின் நார் ஓடும் திசையிலேயே ஓடட்டும். மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே ஊதும், சேர்ந்தே சுருங்கும்.

மாட்டும் வேலைக்குப் பெஞ்சைக் கவிழ்த்துப்போட முடிந்தால் பாதிச் சிரமம் குறையும், வைஸ் தன் பாரத்திலேயே இடத்தில் உட்காரும். கவிழ்க்க முடியாத பெஞ்சு என்றால் காரில் இருக்கும் ஜாக்கியை எடுத்து வாருங்கள். செங்கல் இரண்டு அடுக்கி, அதன்மேல் ஜாக்கி, ஜாக்கிமேல் வைஸ். மெதுவாகச் சுற்றினால் நூல் நூலாக ஏறும். தனியாளாக ஒரு கையில் வைஸைத் தாங்கி மறுகையில் ஸ்பேனர் பிடிப்பதை நான் ஒருமுறை செய்து பார்த்தேன். நெற்றியில் தழும்பு இருக்கிறது.

மூணு நூல் கோச் ஸ்க்ரூ நாலு வேண்டும். நீளம் மேலே சொன்ன கணக்கில் 3½ இன்ச்: இரும்புக்குக் கால் இன்ச், கட்டைக்கு 1¾, பெஞ்சுக்குள் 1½. இதைவிட ரொம்ப நீளமானால் மேல்பரப்பில் முனை எட்டிப் பார்க்கும். கட்டையில் ஸ்க்ரூ தாராளமாக நுழையும்படி மூணு நூல் துளையும், பெஞ்சுப் பலகையில் மரை கடிக்கும்படி ரெண்டு நூல் துளையும் போடுங்கள். மரையில் கொஞ்சம் சோப்பு தடவினால் கெட்டி மரத்திலும் ஸ்க்ரூ ஒடியாமல் இறங்கும். அடிக்கடி கழற்றி மாட்டுவேன் என்பவர் மேலிருந்து போல்ட் இறக்கி, தலையைப் புதைத்து மரத்துண்டால் அடைத்துவிடலாம்.

முன்தாடைக்கு மரமுகம் செய்ய வேம்போ தேக்கோ போதும், முக்கால் இன்ச் கனம். தாடையில் உள்ள துளைகள் வழியாக இரும்புப் பக்கமிருந்து ஸ்க்ரூ போட்டால் மரத்தின் முகத்தில் தலை எதுவும் தெரியாது. பிறகு ஒரு சோதனை. தாடைக்கு நடுவே மேலே ஒரு காகிதத்துண்டு, கீழே ஒரு காகிதத்துண்டு வைத்து, லேசாக மூடி, இரண்டையும் இழுத்துப் பாருங்கள். மேல் காகிதம் மாட்டிக்கொண்டு கீழ்க் காகிதம் வழுக்கி வர வேண்டும். தாடைகள் மேலே முதலில் தொட்டு, இறுக்க இறுக்கக் கீழேயும் படிவதுதான் சரி. ஏனென்றால் இறுக்கும்போது திருகு கீழ்ப்பக்கத்தில் இருந்து இழுக்கிறது. தாடையின் மேல்நுனி வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். கீழ்க் காகிதம் முதலில் மாட்டினால் மரமுகத்தைக் கழற்றி, அடிப்பக்கத்தை அரை நூல் அளவுக்குச் சரிவாக இழைத்து மறுபடி போடுங்கள். சில வைஸ்களில் இந்தச் சரிவு வார்ப்பிலேயே இருக்கும். முதலில் சோதித்துவிட்டு இழைப்புளியைத் தொடுங்கள்.

திருகுக்குக் கிரீஸ் வேண்டாம். மரத்தூள் அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். கடற்கரை ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை கம்பிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவது நல்லது.

கடைசியாக, தாடையின் ஓரத்தில் மட்டும் மரத்தைப் பிடிக்கும் நேரம். கால்மரத்தையோ சட்டத்தையோ நெட்டுக்குத்தாகப் பிடிக்கும்போது திருகு குறுக்கே வரும், அதனால் ஒரு பக்கமாகத்தான் வைக்க முடியும். அப்போது முன்தாடை கோணிக்கொள்ளும், கம்பிகள் தேயும், பிடியும் நிற்காது. எதிர் ஓரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டைச் செருகினால் தாடை நேராகிவிடும். நான் ரெண்டு நூல், நாலு நூல், ஆறு நூல், ஒரு இன்ச் என்று நாலு கனத்தில் துண்டுகள் வெட்டி, துளை போட்டு, ஒரே சணல் கயிற்றில் கோத்து வைஸ் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். கயிறு இல்லாமல் வைத்திருந்த முதல் செட்டை வீட்டில் யாரோ அடுப்பில் போட்டு மூட்டிவிட்டார்கள்.