பொன்னாங்கண்ணி: பெயர்வழக்கும் இல்லத்தோட்ட வளர்ப்பும்

முன்னுரை

தமிழர் உணவு மரபில் தரையோடு படரும் கீரைகளுக்குத் தனியிடம் உண்டு. வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், குளக்கரை ஆகிய ஈரநிலங்களில் தானே வளரும் பொன்னாங்கண்ணி அவற்றுள் ஒன்றாகும். இதனை இல்லத்தோட்டத்தில் வளர்ப்போர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் வளர்ப்புமுறை சார்ந்ததன்று. நடுகின்ற தண்டு பொன்னாங்கண்ணிதானா என்பதேயாகும். அச்சிக்கலைத் தெளிவுபடுத்துவதாக இக்கட்டுரை அமைகிறது.

பெயரும் அடையாளமும்

பொன்னாங்காணி, கொடுப்பை என்பன இதன் பிற பெயர்கள். 'பொன் ஆம் காண் நீ' எனப் பிரித்துப் பொருள் கூறுவது மக்கள் வழக்கு. தாவரவியலார் இதனை 'ஆல்டர்னாந்தெரா செசைலிஸ்' என்பர். செசைலிஸ் என்னும் இலத்தீன் சொல் காம்பின்றி அமைந்தது எனப் பொருள்படும். இதன் சிறிய வெண்ணிறப் பூங்கொத்துகள் இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டியிருப்பதே இப்பெயருக்குக் காரணம்.

சந்தையில் கிடைக்கும் செந்நிற இலைகொண்ட வகை தென்னமெரிக்கச் சார்புடையது. 'சீமைப் பொன்னாங்கண்ணி' என்னும் வழக்கிலுள்ள 'சீமை' என்ற முன்னொட்டே அதன் அயன்மையை உணர்த்திவிடுகிறது. ஆனால், தென்னமெரிக்காவிலிருந்து வந்து இந்திய நீர்நிலைகளிலும் பரவியுள்ள அலிகேட்டர் களைக்கு ('ஆல்டர்னாந்தெரா பிலாக்சிராய்டீஸ்') அத்தகைய முன்னொட்டு இல்லை. பச்சை இலையும் எதிரெதிர் இலையடுக்கும் கொண்ட அது, பூக்காத நிலையில் நாட்டுப் பொன்னாங்கண்ணியாகவே தோன்றும். பூத்த பின்னரே வேறுபாடு புலப்படும். களையின் பூங்கொத்து நீண்ட தனிக்காம்பின் நுனியில் நிற்கும்.

பெயர் மயக்கத்தின் விளைவு

பொன்னாங்கண்ணியைச் சிங்களத்தில் 'முகுணுவென்ன' என்பர். 1990களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், இலங்கையிலிருந்து குடியேறியோரின் வீட்டுத்தோட்டங்கள் பலவற்றில் முகுணுவென்ன எனக் கருதி அலிகேட்டர் களை வளர்க்கப்பட்டமை கண்டறியப்பட்டது. அந்நாட்டில் அக்களை விதையால் பரவுவதில்லை. கணுவுள்ள தண்டுத்துண்டு ஒன்றே புதுச்செடியாகப் போதுமானது. கீரை ஆய்ந்து எறியும் தண்டு வடிகாலை அடைந்தால், அங்கிருந்து ஆற்றையும் அடையக்கூடும். எனவே அதிகாரிகள் களையை அகற்றியதோடு, அம்மண்ணுக்கே உரிய 'ஆல்டர்னாந்தெரா டெண்டிகுலேட்டா' என்னும் உண்ணத்தக்க இனத்தை மாற்றாக அறிமுகப்படுத்தினர். உணவு வழக்கைத் தடுக்காமல் செடியை மட்டும் மாற்றிய இந்நடவடிக்கை குறிப்பிடத்தக்கது.

வளர்ப்புமுறை

பெற்ற தண்டுகளுள் ஒன்றை முதலில் தொட்டியில் நட்டுப் பூக்கவிட்டு, பூங்கொத்து காம்பற்றிருப்பதை உறுதிசெய்த பின்னரே பாத்தியில் நடுதல் நன்று. மூன்று, நான்கு கணுக்கள் கொண்ட தண்டுகளைத் தொழுவுரம் கலந்த மண்ணில் ஏறத்தாழ 15 செ.மீ. இடைவெளியில், இரு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நட வேண்டும். ஈரம் காயாமல் காத்தால் கணுதோறும் வேர்விட்டுத் தரையை மூடும். அடித்தண்டை விட்டு நுனிகளைக் கிள்ளினால் மீண்டும் தழைக்கும். சாக்கடை நீர் பாயும் இடத்தில் வளர்ந்த கீரையில் மாசு சேரக்கூடுமாதலின் அதனைத் தவிர்த்தல் வேண்டும். இக்கீரையில் ஆக்சலேட்டு உள்ளதால் வேகவைத்து உண்பதே தகும்.

முடிவுரை

ஒரு பெயர் ஒரே செடியைச் சுட்டும் என்னும் நம்பிக்கை எப்போதும் மெய்யாவதில்லை. கீரைப்பெயர்களைத் தொகுக்கும் ஆய்வாளர், பெயரோடு பூத்த நிலையிலான செடியின் அடையாளத்தையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அவ்வாறு செய்யாத தொகுப்பு, களையையும் கீரையென வழங்கச் செய்துவிடும்.