மலையகத்து நீர்வண்ண ஓவியங்களும் காலக் கணிப்பும்

கோப்பிக் காலத்து மலையகத்தை வரைந்த ஆங்கிலேயருட் பலர் தொழில்முறை ஓவியரல்லர். தாளில் கையொப்பமோ ஆண்டோ இட்டாரில்லை. பின்வந்தோர் பென்சிலாற் பொறித்த பெயரைச் சான்றாகக் கொள்ள நாம் தயங்குகிறோம். தாளின் நீர்க்குறியும் ஓரெல்லையையே தரும்: ‘வாட்மன் 1840’ என்றிருப்பின் ஓவியம் அவ்வாண்டுக்கு முந்தியதன்று, அவ்வளவே.

உறுதியான சான்று காட்சிக்குள்ளேயே உளது. பெல்பாஸ்ட் ஓவியர் ஆன்ட்ரூ நிக்கல் 1846இல் இலங்கைக்கு வந்து சில ஆண்டுகளே தங்கினார். அவர் பெயர் தாங்கிய நுவரெலியாக் காட்சியில் கிரகரி ஏரி தெரியுமாயின், அது அவர் நேரிற் கண்டு வரைந்ததாகாது. அவ்வேரி 1873இல் அமைக்கப்பட்டது. அற்றனுக்குப் புகையிரதம் வந்தது 1884இல். சரிவெங்கும் தேயிலை நிரைகள் நிற்பின், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதற்குப் பிந்திய காட்சி எனத் துணியலாம்.

இச்சான்றுகள் யாவும் மனித உழைப்பின் சுவடுகள். எனினும், கோப்பி நட்டுப் பறித்த தென்னிந்தியத் தொழிலாளர் இவ்வோவியங்களில் மலையின் உயரத்தை உணர்த்தும் இரண்டொரு புள்ளிகளாகவே பெரும்பாலும் நிற்கின்றனர். எழிற்காட்சி மரபு வேண்டியது அருவியையும் மூடுபனியையுமே. பட்டியல் தயாரிப்போர் ஓவியர் பெயரோடு அமையாது, தாளின் மூலையில் தெரியும் லயன் கூரைகளையும் குறித்தல் வேண்டும். ஆவணங்கள் எஞ்சாத தோட்டங்களில் முதற் குடியிருப்பு எங்கிருந்தது என்பதை அவற்றைக் கொண்டு அறிய இடமுண்டு.